வாசகர் கேள்வி பதில்: ஏரியில் நீர்ச்சறுக்கு, கயிற்றைக் கட்டுமுன்

கேள்வி: என் மகன் அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்தில் மேற்படிப்புப் படிக்கிறான். காலில் பலகைகளை மாட்டிக்கொண்டு, விசைப்படகின் பின்னால் கயிற்றைப் பிடித்தபடி ஏரித் தண்ணீர்மேல் சறுக்கிச் செல்லும் விளையாட்டை நண்பர்களோடு அங்கே பழகியிருக்கிறான். அந்த ஏரிகளில் முதலை உண்டு என்பதையும் அவனே சொல்கிறான். சித்திரையில் ஊருக்கு வரும்போது பவானிசாகரிலும் ஆடிப் பார்க்க வேண்டுமாம். எனக்குச் சோறு இறங்கவில்லை. இது எந்த அளவுக்கு ஆபத்தானது?
— ஒரு தாய், கோபிசெட்டிபாளையம்

பதில்: அம்மா, உங்கள் அச்சம் நியாயமானதுதான். ஆனால் முதலையைக் காட்டிலும் அஞ்ச வேண்டியவை வேறு சில உள்ளன. அவற்றை மகனிடம் நீங்கள் எடுத்துச் சொல்ல வேண்டும் என்பதற்காகச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். புளோரிடாவின் 67 மாவட்டங்களிலும் அலிகேட்டர் வகை முதலை வாழ்கிறது. அவற்றின் தொகை ஏறத்தாழ 13 லட்சம் என்று மதிப்பிடுகிறார்கள். இத்தனை இருந்தும், படகு இரைச்சலோடு ஓடும் நடு ஏரியில் அவை மனிதரைத் தேடி வருவதில்லை. அந்தி சாய்ந்ததிலிருந்து விடியும் வரை அவை இரை தேடும் நேரம் என்பதால் பகல் வெளிச்சத்தில் மட்டும் ஆட வேண்டும். கோரையும் நாணலும் அடர்ந்த கரையோரத்தை ஒட்டிப் படகைத் திருப்பக் கூடாது. விழுந்தவர் தண்ணீரில் மிதந்தபடி நெடுநேரம் காத்திருக்கும்படி விடக் கூடாது. மனிதர் இரை போட்டுப் பழக்கிய முதலைதான் மனிதரை நெருங்கி வரும். அங்கே இரை போடுவது சட்டப்படி குற்றம். அதைச் செய்யும் நண்பர்கள் இருந்தால் அந்த ஏரிக்கே போக வேண்டாம் என்று சொல்லுங்கள்.

நான் மிகுதியும் கவலைப்படுவது அவன் மூக்கைப் பற்றித்தான். வெதுவெதுப்பான நன்னீரில் நெக்லேரியா ஃபௌலெரி என்ற அமீபா வாழ்கிறது. செய்தித்தாள்கள் இதை ‘மூளையைத் தின்னும் அமீபா’ என்று எழுதுகின்றன. 46 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்தையும் அது தாங்கும். அந்தத் தண்ணீரைக் குடித்தால் இந்த நோய் வருவதில்லை. மூக்கின் வழியாக வேகமாக ஏறும்போதுதான் அந்த உயிரி மணம் உணரும் நரம்பைப் பற்றிக்கொண்டு மூளைக்குப் போய்ச் சேருகிறது. அமெரிக்காவில் ஆண்டுக்குப் பத்துப் பேருக்கும் குறைவாகவே இது தாக்குகிறது என்றாலும், தாக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 97 பேருக்கு மேல் இறந்திருக்கிறார்கள். அங்கே மிகுதியாகக் கண்டறியப்பட்ட மாநிலங்கள் புளோரிடாவும் டெக்சாஸும்தான். நமக்கும் இது தொலைவில் இல்லை. 2024-ல் கேரளத்தில் இதனால் சிறுவர்கள் இறந்தார்கள். கோழிக்கோடு மாவட்டத்துச் சிறுவன் ஒருவன், நோய் தொடக்கத்திலேயே கண்டறியப்பட்டதால் உயிர் பிழைத்தான்.

மற்ற நீர் விளையாட்டுகளைவிட நீர்ச்சறுக்கில் இதற்கு ஏன் கூடுதல் கவனம் வேண்டும் என்பது, தொடங்கும் கணத்தை அருகிலிருந்து பார்த்தால் விளங்கும். சறுக்குபவர் தண்ணீரில் குந்தியிருப்பதுபோல் முழங்கால்களை நெஞ்சோடு மடக்கி, பலகைகளின் நுனி வெளியே தெரிய, இரு கைகளையும் நீட்டிக் கைப்பிடியைப் பற்றிக் காத்திருக்கிறார். படகு இழுத்தவுடன் தண்ணீர் முகத்தில் மோதிச் சிதறுகிறது. பழகாதவர் முகங்குப்புற விழும்போதும் கைப்பிடியை விடாமல் இறுகப் பற்றிக்கொள்வார். அந்த இரண்டு மூன்று விநாடிகளில் மூக்கில் ஏறும் தண்ணீர், குளத்தில் நாள் முழுதும் நீந்தினாலும் ஏறாது. ஆகவே இறுக்கமான மூக்குக் கிளிப் கட்டாயம். விழப்போகிறோம் என்று தெரிந்த அந்த நொடியே கைப்பிடியை விட்டுவிட வேண்டும். முழங்காலளவு ஆழத்தில் நின்று அடிச்சேற்றைக் கலக்கித் தொடங்காமல், ஆழமான இடத்தில் தொடங்க வேண்டும். ஆடிய ஒரு நாள் முதல் பன்னிரண்டு நாட்களுக்குள் கடுந்தலைவலி, காய்ச்சல், வாந்தி, கழுத்து இறுக்கம் ஆகியவை தோன்றினால், ‘ஏரித் தண்ணீர் மூக்கில் ஏறியது’ என்ற செய்தியை மருத்துவரிடம் முதல் வாக்கியமாகவே சொல்ல வேண்டும்.

இனி பவானிசாகர். இதற்கு என் பதில் ‘வேண்டாம்’ என்பதுதான். 1955-ல் கட்டி முடிக்கப்பட்ட அந்த நீர்த்தேக்கத்தின் முழு நீர்மட்டம் 105 அடி. சித்திரையில் நீர்மட்டம் அதற்கு வெகு கீழே இறங்கிவிடும். அப்போது தண்ணீருக்குள் என்ன இருக்கிறது என்பது பரிசல்காரருக்குத்தான் தெரியும். டணாய்க்கன் கோட்டையின் பழைய கோயிலே அந்த நீருக்குள் இருக்கிறது. கற்கட்டும், மரக்கட்டைகளும், மீனவர் கட்டிய வலைகளும் எங்கெங்கே என்று கரையிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. ஒரு கோடையில் அங்கே, தண்ணீருக்கு மேல் ஒரு சாண் மட்டும் நீட்டிக்கொண்டிருந்த வெளுத்த கட்டையின்மேல் நீர்க்காகம் ஒன்று சிறகு விரித்து உலர்த்திக்கொண்டிருந்ததைக் கண்டேன். அந்தப் பறவை அங்கே உட்கார்ந்திராவிட்டால் கட்டை இருப்பதே தெரிந்திராது. இன்னும் ஒரு சாண் தண்ணீர் கூடியிருந்தாலும் தெரிந்திராது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 14 மீட்டர் கடக்கிறோம். வழக்கமான 75 அடிக் கயிற்றின் நீளமோ 23 மீட்டர்தான். படகோட்டி கட்டையைக் கண்டு படகைத் திருப்பினாலும், பின்னால் வருபவர் இரண்டு விநாடிக்குள் அந்த இடத்தில் இருப்பார். மேட்டூரிலும் இதே நிலைதான். நீர் இறங்கும்போது பண்ணவாடியில் நந்தி சிலை வெளியே தெரிவதை நம் பக்கத்தில் எல்லோரும் அறிவார்கள்.

சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தை ஒட்டிய நீர்த்தேக்கம் அது என்பதையும் மகன் நினைவில் கொள்ள வேண்டும். கோடையில் யானைகள் குட்டிகளோடு அதன் கரைக்குத் தண்ணீர் குடிக்க வருகின்றன. எஞ்சின் இரைச்சலோடு அவற்றின் முன்னால் ஓடுவது அவற்றுக்கும் தீங்கு, நமக்கும் தீங்கு. நீர்வளத் துறையும் வனத்துறையும் எழுத்தில் இசைவு தராமல் அங்கே சொந்தப் படகை இறக்க நினைப்பதே தவறு.

கேள்வி: அமராவதி அணைப் பக்கம் முதலைப் பண்ணை இருக்கிறது. அணைத் தண்ணீரிலும் முதலை இருக்கிறதா? கோடை விடுமுறையில் பிள்ளைகளை அங்கே தண்ணீரில் இறக்கலாமா?
— ஒரு வாசகர், உடுமலைப்பேட்டை

பதில்: இருக்கிறது. நன்னீரில் வாழும் மக்கர் இன முதலைகள் அமராவதி நீர்த்தேக்கத்திலும், அதில் வந்து சேரும் சின்னாறு, தேனாறு, பாம்பாறு ஆகியவற்றிலும் இயற்கையாகவே வாழ்கின்றன. மாசி, பங்குனியில் கரையில் குழி தோண்டி முட்டையிட்டு, ஏறத்தாழ இரண்டு மாதத்தில் குஞ்சு பொரிப்பதால், நம் பள்ளி விடுமுறையும் தாய் முதலை கூட்டைக் காக்கும் காலமும் ஒன்றாக வந்துவிடுகின்றன. அந்நேரத்தில் கரையோரத்தில் கால் நனைப்பதுகூடப் பாதுகாப்பில்லை. பண்ணையில் வேலிக்கு வெளியே நின்று பிள்ளைகளுக்கு முதலைகளைக் காட்டுங்கள்; தண்ணீரில் இறக்க வேண்டாம்.

கேள்வி: மழைக்குப் பிறகு ஊர்க் குளத்தில் குளித்த என் தம்பிக்கு ஒரு வாரம் கழித்துக் காய்ச்சல் வந்து, கெண்டைக்கால் சதையில் பொறுக்க முடியாத வலியும் ஏற்பட்டது. மருத்துவர் எலிக்காய்ச்சல் என்றார். நீர் விளையாட்டிலும் இது வருமா?
— ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: வரும். எலி, ஆடு, மாடு ஆகியவற்றின் சிறுநீரில் வெளியேறும் லெப்டோஸ்பைரா என்ற நுண்ணுயிரி, மழையில் வழிந்து குளத்தில் சேர்கிறது. தோலில் உள்ள சிறு கீறல், கண், மூக்கு, வாய் ஆகியவற்றின் வழியாக உடலுக்குள் நுழைகிறது. கயிறு உரசிச் சிவந்த உள்ளங்கையும் பலகை உராய்ந்த கணுக்காலும் அதற்குப் போதுமான வாசல்கள். பெருமழை பெய்து ஓய்ந்த பிறகு குறைந்தது மூன்று நாட்கள் ஏரியிலும் குளத்திலும் இறங்காமல் இருப்பது நல்லது. காய்ச்சலோடு கண் சிவந்து, கெண்டைக்கால் வலித்தால், எந்தத் தண்ணீரில் எந்த நாளில் இறங்கினீர்கள் என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். தொடக்கத்தில் கொடுத்தால் எளிய மருந்துகளிலேயே குணமாகும், தாமதித்தால் கல்லீரலும் சிறுநீரகமும் கெடும்.

பச்சைப் பெயிண்டைக் கொட்டியதுபோல் மேலே ஆடை படர்ந்த தண்ணீரிலும் இறங்காதீர்கள். அந்த நீலப்பச்சைப் பாசியில் ஈரலைத் தாக்கும் நஞ்சு இருக்கக் கூடும். சாயக் கழிவு கலந்த நொய்யல் நீரைப் பற்றித் திருப்பூர்க்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: கல்லூரித் தோழிகள் நால்வர் வெளிநாட்டுச் சுற்றுலாவில் நீர்ச்சறுக்கு பழகப் பதிவு செய்திருக்கிறோம். நாங்கள் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டியவை எவை?
— ஒரு மாணவி, சேலம்

பதில்: படகில் ஓட்டுநரைத் தவிர, உங்களை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்க இன்னொருவர் இருப்பாரா என்று கேளுங்கள், இல்லை என்றால் பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு வந்துவிடுங்கள். நீந்தத் தெரிந்தவரும் லைஃப் ஜாக்கெட் அணிய வேண்டும். விழுந்தவரை ஏற்றும்போது எஞ்சினை முற்றிலும் அணைக்க வேண்டும், ஏனென்றால் படகைத் தள்ளும் விசிறி தண்ணீருக்குள் மெதுவாகச் சுற்றினாலும் காலைக் கிழித்துவிடும். விழுந்து எழுந்தவுடன் கையை உயர்த்திக் காட்டினால் ‘நலமாக இருக்கிறேன்’ என்று பொருள். கை உயராவிட்டால் படகு உடனே திரும்ப வேண்டும். இந்த ஏற்பாட்டைக் கரையிலேயே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

வெளிப்படையாகப் பேசத் தயங்கும் ஒன்றையும் எழுதிவிடுகிறேன். வேகமாகப் பின்புறமாக விழும்போது தண்ணீர் உடலின் கீழ் வாசல்களுக்குள் அழுத்தத்தோடு புகுந்து உள்ளே கிழித்துவிடும். பெண்களுக்கு இது கடுமையான காயமாக முடியக் கூடும். சாதாரண நீச்சலுடை இதைத் தடுக்காது. தொடை வரை இறுகப் பற்றும் தடித்த ரப்பர் கால்சட்டையை வாங்கி அணிந்துகொள்ளுங்கள். பக்கவாட்டில் விழுந்து காதில் சுரீர் என்று வலித்தாலோ, கேட்பது மங்கினாலோ செவிப்பறை கிழிந்திருக்கலாம். காதில் எதையும் ஊற்றாமல் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். இடிச் சத்தம் கேட்டால் கரை ஏறி, கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் கழித்தே மீண்டும் தண்ணீரில் இறங்குங்கள்.