கூவாத சிப்பைக் கூவி விற்றால்

வீட்டிலேயே ஒரு சின்ன சிந்தசைசர் ஆசிலேட்டர் (மின்சார இசைக்கருவியில் ஒலியை உண்டாக்கும் சர்க்யூட்) செய்து பார்க்க ஆசைப்பட்டவர்களிடமிருந்து இந்த முறை நிறையக் கடிதங்கள். ஆசையில் தப்பில்லை. பாகங்கள் வாங்கிய விதத்தில்தான் பலர் சிக்கியிருக்கிறார்கள். கடிதங்களை வெட்டிச் சுருக்கியிருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எனக்கு எலக்ட்ரானிக்ஸ் புதிது. ஒரு ஆசிலேட்டர் செய்து, சத்தம் வந்தால் போதும். கடையில் 1000 பாகங்கள் கொண்ட ‘தொடக்கநிலைப் பெட்டி’யை வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அந்த ஆயிரத்தில் உங்களுக்குத் தேவையானது பத்துகூட இருக்காது. எண்ணிக்கையைக் காட்டி விற்கிற பெட்டிகளில் ரெசிஸ்டர்தான் மலிவு என்பதால் அதையே அள்ளிப் போட்டிருப்பார்கள். நான் வாங்கிய பெட்டி ஒன்று இன்னும் அலமாரியில் கிடக்கிறது. அதில் எல்லா நிறத்திலும் எல்இடி உண்டு, ஆசிலேட்டருக்கான சிப் ஒன்றுகூடக் கிடையாது.

உங்களுக்கு வேண்டியது இவ்வளவுதான்: 40106 என்ற எண்ணுள்ள சிப் இரண்டு (ஒன்று போனால் இன்னொன்று), 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் சில, 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று, 100 கிலோ ஓம் குமிழ் (திருப்பினால் மதிப்பு மாறும் ரெசிஸ்டர்) ஒன்று, பிரெட்போர்டு (சால்டர் செய்யாமல் பாகங்களைச் செருகும் பலகை), கொஞ்சம் ஜம்பர் வயர், 9 வோல்ட் பேட்டரி, அதற்கான கிளிப். கெப்பாசிட்டரின் மேல் 104 என்று அச்சடித்திருக்கும். 10-க்குப் பின்னால் நான்கு பூஜ்யம், அதாவது 1,00,000 பிகோஃபாரட். அதுதான் 0.1 மைக்ரோஃபாரட். 103 என்றிருந்தால் அது பத்தில் ஒரு பங்கு. கடைக்காரர் மாற்றிக் கொடுத்தால் உங்கள் சுருதி பத்து மடங்கு ஏறிவிடும்.

சிப்பின் 14-ஆம் கால் பாசிட்டிவ், 7-ஆம் கால் நெகட்டிவ். 1-ஆம் காலுக்கும் 2-ஆம் காலுக்கும் இடையே குமிழையும் ரெசிஸ்டரையும் வரிசையாகப் போடுங்கள். 1-ஆம் காலிலிருந்து நெகட்டிவுக்குக் கெப்பாசிட்டர். 2-ஆம் காலில் சத்தம் தயார். குமிழைத் திருப்பினால் சுமார் 100 ஹெர்ட்ஸிலிருந்து இரண்டாயிரத்துச் சொச்சம் வரை போகும். சிப் தயாரித்த நிறுவனத்தைப் பொறுத்து இது முன்னே பின்னே ஆகும். பயன்படுத்தாத உள்ளீட்டுக் கால்களான 3, 5, 9, 11, 13 ஐந்தையும் நெகட்டிவில் கட்டிவிடுங்கள். அந்தரத்தில் விட்டால் சிப் கண்டபடி நடந்துகொள்ளும். அப்புறம் 14-க்கும் 7-க்கும் நடுவே இன்னொரு 104.

கேள்வி: 40106 என்று விளம்பரம் பார்த்து ஆர்டர் செய்தேன். வந்த சிப்பில் 74எச்சி14 என்று இருந்தது. விற்றவரைக் கேட்டேன். “இரண்டும் ஒன்றுதான், கால் வரிசைகூட மாறாது, தைரியமாகப் போடுங்கள்” என்று எழுதினார். 9 வோல்ட் பேட்டரியை மாட்டியதும் சூடாகிச் செத்துவிட்டது. இப்போது “நீங்கள்தான் எரித்தீர்கள், பணம் திரும்ப வராது” என்கிறார்.

பதில்: நீங்கள் எரிக்கவில்லை. சந்தேகம் வந்தது, கேட்டீர்கள், அவர் சொன்னபடி செய்தீர்கள். வாங்குகிறவர் இதற்கு மேல் என்ன செய்ய முடியும்?

அவர் சொன்னதில் பாதி உண்மை என்பதுதான் கொடுமை. இரண்டும் ஆறு ஷ்மிட் டிரிகர் இன்வெர்ட்டர் (உள்ளே வருவது ஏறினால் வெளியீட்டை இறக்கி, இறங்கினால் ஏற்றும் பகுதி) கொண்டவை. கால் வரிசையும் ஒன்றே. ஆனால் 40106 சுமார் 3 முதல் 18 வோல்ட் வரை தாங்கும். 74எச்சி14-க்கு 2 முதல் 6 வோல்ட்தான். தயாரித்தவர் தரும் விவரத்தாளான டேட்டாஷீட்டைப் புரட்டியிருந்தாலே அவருக்கு இது தெரிந்திருக்கும்.

விளம்பரப் பக்கத்தை இப்போதே படம் பிடித்து வையுங்கள். நாளை அது திருத்தப்பட்டிருக்கலாம். சிப்பின் எண் தெரியும்படி ஒரு படம், அவர் எழுதிய பதில், ரசீது, நான்கையும் சேர்த்து எழுத்தில் கேளுங்கள். “சிப் பழுது” என்று எழுதாதீர்கள். “நான் கேட்ட பொருள் வரவில்லை, வேறு பொருள் வந்தது” என்று எழுதுங்கள். பழுது என்றால் யார் பழுதாக்கியது என்று வாதம் வளரும். பொருளே வேறு என்றால் வாதத்துக்கு இடமில்லை. அவர் அசையாவிட்டால் விற்பனைத் தளத்திடமும் பணம் செலுத்திய வங்கியிடமும் அதே நான்கையும் கொடுங்கள். பொட்டலத்தில் உயிரோடு வேறு சிப் மிச்சமிருந்தால் தூக்கி எறிய வேண்டாம். 1.5 வோல்ட் பேட்டரி மூன்றை வரிசையாகப் போட்டு 4.5 வோல்ட் கொடுங்கள், அழகாக வேலை செய்யும்.

கேள்வி: ஆசிலேட்டருக்கு விலை உயர்ந்த ‘ஆடியோ தரக்’ கெப்பாசிட்டர் போட்டால் சத்தம் இனிமையாக இருக்குமா?

பதில்: இருக்காது.

கேள்வி: ஒரே ஒரு டிரான்சிஸ்டர், ஒரு ரெசிஸ்டர், ஒரு கெப்பாசிட்டர் வைத்து ஆசிலேட்டர் செய்யும் வீடியோ பார்த்தேன். 2என்3904 டிரான்சிஸ்டர் 50 வாங்கினேன். 9 வோல்ட் பேட்டரியில் ஒன்றுகூட வேலை செய்யவில்லை. ஐம்பதும் போலி என்று புகார் கொடுக்கப் போகிறேன்.

பதில்: கொடுக்காதீர்கள், தோற்றுப்போவீர்கள். அந்த வீடியோவில் எத்தனை வோல்ட் கொடுத்தார்கள் என்று பார்த்தீர்களா? அந்தச் சர்க்யூட்டில் டிரான்சிஸ்டரைத் தலைகீழாக மாட்டி, பேஸ் காலை எதிலும் சேர்க்காமல் விடுவார்கள். எமிட்டர் பக்கம் மின்னழுத்தம் ஏறி ஒரு கட்டத்தில் உடைந்து பாயும். அந்தப் பாய்ச்சல்தான் சத்தம். உடைவதற்கே ஏறக்குறைய ஒரு முழு 9 வோல்ட் பேட்டரி அளவு வேண்டும். 12 வோல்ட்டுக்கு மேல் கொடுத்துப் பாருங்கள். இரண்டு 9 வோல்ட் பேட்டரியை வரிசையாகப் போட்டாலும் சரி, ரெசிஸ்டர் மட்டும் இல்லாமல் போகக் கூடாது. அப்போதும் சில டிரான்சிஸ்டர் கூவும், சில கூவாது. தயாரித்தவர் அதற்கு உத்தரவாதம் தரவே இல்லை, அதனால் விற்றவர் மேல் குற்றமில்லை. ஒன்றைச் சோதிக்காமல் ஐம்பது வாங்கச் சொன்னது யார்?

கேள்வி: ‘சிந்த் ஆசிலேட்டர் கிட்’ வாங்கினேன். போர்டு, பாகங்கள், ஒரு துண்டுச் சீட்டு. சீட்டில் “பாகங்களை அந்தந்த இடத்தில் பொருத்தவும்” என்று மட்டும் இருக்கிறது. சர்க்யூட் படம் இல்லை. சிப்பின் மேல் எண்ணைச் சுரண்டியிருக்கிறார்கள். கேட்டால் “தொழில் ரகசியம்” என்கிறார்கள். சத்தமும் வரவில்லை.

பதில்: இந்தக் கடிதத்துக்காகத்தான் காத்திருந்தேன்.

ரகசியமாம். என்ன ரகசியம்? 40106-க்குள் இருக்கும் ஷ்மிட் டிரிகர் என்பதை ஓட்டோ ஷ்மிட் 1934-இல் ஆய்வு மாணவராக இருந்தபோது உருவாக்கினார். கணவாய் மீனின் நரம்பில் துடிப்பு எப்படிப் பரவுகிறது என்று ஆராயப் போனவர் அவர். கண்டதை 1938-இல் வெளியிட்டுவிட்டார். இன்னொரு பிரபலமான சிப்பான 555-ஐ ஹான்ஸ் காமென்சிண்ட் வடிவமைக்க, சிக்னெடிக்ஸ் நிறுவனம் 1972-இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. தொடக்கநிலை ஆசிலேட்டர் கிட்டுகளில் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான் உட்கார்ந்திருக்கும். எவரும் படிக்கலாம் என்று திறந்து வைத்த விஷயத்தை, எண்ணைச் சுரண்டிவிட்டு ரகசியம் என்று விற்கிறார்கள்.

உள்ளே நடப்பதை நான்கு வரியில் சொல்லிவிடலாம். வெளியீடு உயரத்தில் இருக்கும்போது ரெசிஸ்டர் வழியாகக் கெப்பாசிட்டர் நிறைகிறது. மேல் வாசலை (வெளியீடு மாறுகிற மின்னழுத்த அளவு) தாண்டியதும் வெளியீடு கீழே விழுகிறது. இப்போது கெப்பாசிட்டர் அதே ரெசிஸ்டர் வழியாக வடிகிறது. கீழ் வாசலுக்கு வந்ததும் வெளியீடு மறுபடி மேலே. இரண்டு வாசலுக்கும் இடைவெளி இருப்பதால்தான் அது ஓயாமல் ஆடுகிறது. இதைச் சீட்டின் பின்பக்கத்தில் அச்சடிக்க எவ்வளவு மை செலவாகும்?

சர்க்யூட் படம் என்பது அலங்காரம் இல்லை. புதிதாகக் கற்பவருக்குக் கிட்டின் பாதி மதிப்பு அதில்தான். சத்தம் வராதபோது எந்தக் காலில் எத்தனை வோல்ட் இருக்க வேண்டும் என்று தெரியாமல் எதைச் சோதிப்பது? சிப் போனால் எந்த எண் சொல்லி இன்னொன்று வாங்குவது? சுரண்டிய சிப்புக்கு மாற்று அவரிடம் மட்டும்தான், அவர் சொல்கிற விலையில். அதற்குத்தான் சுரண்டுகிறார்கள். நானும் இப்படி ஒரு ஃபில்டர் கிட்டை வாங்கி, கடைசியில் அதன் குமிழ்களைக் கழற்றி வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டேன். போர்டு குப்பைக்குப் போனது.

இனி கிட் வாங்குகிறவர்கள் பணம் கட்டும் முன் கேளுங்கள்: சர்க்யூட் படம் உண்டா, மதிப்புகளோடு பாகப் பட்டியல் உண்டா, சிப் எண் என்ன, எத்தனை வோல்ட்? ஒன்றுக்குப் பதில் வராவிட்டாலும் வேறு கடை பாருங்கள். உங்கள் விஷயத்தில், வேலை செய்யாத கிட்டை அதை விற்றவரே சரிசெய்து தரவேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். ரகசியம் அவருடையது என்றால் பழுது பார்க்கிற பொறுப்பும் அவருடையதுதான்.

கேள்வி: என் மகளுக்கு 13 வயது. தானே ஆசிலேட்டர் செய்து, ஹெட்போனை நேராக மாட்டிக் கேட்கிறாள். ஆபத்து உண்டா?

பதில்: உண்டு அம்மா, இன்றே நிறுத்துங்கள். மின்சாரத்தால் இல்லை, 9 வோல்ட் பேட்டரி ஷாக் அடிக்காது. பயம் காதுக்குத்தான். ஒரு வயர் தவறான இடத்தில் பட்டால் சத்தம் திடீரென்று எகிறும். பேட்டரியில் ஓடும் சின்ன ஆம்ப்ளிஃபயர் ஸ்பீக்கர் ஒன்று வாங்கிக் கொடுங்கள். அதற்குள்ளும் நேராகச் செலுத்தக் கூடாது. வெளியீட்டிலிருந்து ஒரு 1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், அடுத்து 100 கிலோ ஓம், அங்கிருந்து நெகட்டிவுக்கு 10 கிலோ ஓம். கடைசி இரண்டும் சேரும் இடத்தில் ஸ்பீக்கருக்கான வயர். 9 வோல்ட் அலை ஒரு வோல்ட்டுக்கும் கீழே இறங்கிவிடும்.

சால்டரிங் அயர்ன் இப்போது வேண்டாம், பிரெட்போர்டு போதும். மகளுக்கு என் வாழ்த்து.

கேள்வி: பழைய சிந்தசைசர்களில் வரும் சிஇஎம்3340 சிப் பாதி விலைக்குக் கிடைத்தது. ஆறு மாதம் முன்பு வாங்கி வைத்தேன். நேற்றுதான் பிரித்தேன். வேலை செய்யவில்லை. ரசீது இல்லை, விற்றவர் கணக்கும் இல்லை. என்ன செய்யலாம்?

பதில்: ஒன்றும் செய்ய முடியாது. தேடித் திரிகிற சிப் பாதி விலைக்கு வரும்போதே சந்தேகம் வரவேண்டாமா? ரசீது வாங்கவில்லை. ஆறு மாதம் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. அசிட்டோன் தொட்ட பஞ்சால் சிப்பின் மேல்பக்கத்தைத் துடைத்துப் பாருங்கள். கறுப்புச் சாயம் கரைந்து அடியில் வேறு எழுத்து தெரிந்தால், எதை வாங்கினீர்கள் என்றாவது தெரிந்துகொள்ளலாம். அந்த வகைச் சிப் இப்போது மீண்டும் தயாராகிறது. ஆல்ஃபா நிறுவனத்தின் ஏஎஸ்3340 அதற்கு இணையானது. அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடம் வாங்குங்கள், வந்த வாரமே சோதியுங்கள்.

கேள்வி: என் 40106 ஆசிலேட்டரில் பாட்டு வாசிக்க முயன்றேன். சுருதி நிற்கவே இல்லை. சிப் மட்டமா?

பதில்: சிப் சரிதான். அதன் இரண்டு வாசல்களும் மின்னழுத்தத்தோடும் வெப்பத்தோடும் நகரும். பேட்டரி இறங்க இறங்கச் சுருதியும் நழுவும். ஒரு வோல்ட்டுக்கு ஒரு ஸ்தாயி என்று அளந்து ஏறுகிற ஆசிலேட்டர் வேறு சாதி. அதற்கு வெப்பத்தை ஈடுகட்டுகிற சர்க்யூட் வேண்டும், பணமும் வேண்டும். இதில் பாட்டு வராது, ரீங்காரம் வரும். ஒரே சிப்பில் ஆறு ஆசிலேட்டர் இருக்கிறதே, ஆறையும் ஆளுக்கொரு 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாகச் சேர்த்துப் பாருங்கள். இதற்காக இன்னொரு சிப் வாங்க வேண்டாம்.

கேள்வி: புது பிரெட்போர்டில் பாதிப் பக்கம் மின்சாரம் வரவில்லை. திருப்பி அனுப்பட்டுமா?

பதில்: ஓரத்தில் ஓடும் சிவப்புக் கோட்டைப் பாருங்கள். நடுவில் அறுந்திருக்கிறதா? அப்படியானால் உள்ளேயும் அங்கே அறுந்துதான் இருக்கும். ஒரு வயரால் இணையுங்கள். கோடு முழுதாக இருந்தும் மின்சாரம் வரவில்லை என்றால் தாராளமாகத் திருப்பி அனுப்புங்கள்.

கேள்வி: எந்த மல்டிமீட்டர் வாங்கலாம்?

பதில்: இந்த வேலைக்கு மலிவானதே போதும், ஆனால் தொடர்பைச் சோதிக்கும் பீப் ஒலி கட்டாயம் இருக்க வேண்டும். பீப் இல்லாத ஒன்றை விலையைப் பார்த்து வாங்கிவிட்டு, ஒவ்வொரு வயருக்கும் தலையைத் திருப்பித் திருப்பித் திரையைப் பார்த்து எனக்குக் கழுத்து வலித்ததுதான் மிச்சம். மீட்டரின் பேட்டரி தீரும்போது பல மலிவு மீட்டர்கள் தப்பாகக் காட்டும். உங்கள் 9 வோல்ட் பேட்டரி 11 என்று காட்டினால் முதலில் மீட்டரைச் சந்தேகப்படுங்கள். வீட்டு மின் இணைப்பில் மட்டும் இதை வைக்காதீர்கள்.

கேள்வி: கிட் வேலை செய்கிறது. ஆனால் சத்தம் காதைக் குடைகிறது, வீட்டில் திட்டுகிறார்கள். பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுக்கலாமா?

பதில்: இப்படி மேலும் கீழும் சட்டென்று தாவுகிற சதுர அலை அப்படித்தான் குடையும். திருப்பிக் கொடுப்பதற்கு முன் வெளியீட்டில் ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டு, அதன் மறுமுனையிலிருந்து நெகட்டிவுக்கு 103 கெப்பாசிட்டர் ஒன்று மாட்டுங்கள். சுமார் 1600 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ள கூர்மை மெல்ல அடங்கும். போதாவிட்டால் 104 போடுங்கள்.