மறுக்கப்பட்ட தஞ்சமும் மேல்முறையீடும்: வாசகர் கேள்வி, வழக்கறிஞர் பதில்

கேள்வி: என் மனைவி வவுனியாவைச் சேர்ந்தவர்; சிறு வயதில் பெற்றோருடன் வந்து திருச்சி கொட்டப்பட்டு முகாமில் வளர்ந்தவர். ஊர் திரும்பிய அவருடைய தம்பி, பின்னர் பிரிட்டன் சென்று கடந்த ஆண்டு தஞ்சம் கோரினார். அசைலம் கேஸ் ரிஜெக்ட் ஆகிவிட்டது என்று ஆறு நாட்களுக்கு முன் கடிதம் வந்திருக்கிறது. இராணுவத்தினர் பிடித்துச் சென்றது மாசியில் என்று முதல் விசாரணையிலும், சித்திரையில் என்று இரண்டாம் விசாரணையிலும் கூறினாராம். முதுகில் உள்ள தழும்புகளையும் அதிகாரிகள் நம்பவில்லை. எங்கள் ஊர்ப் பிரமுகர் ஒருவரிடம் கடிதம் வாங்கி அனுப்பினால் அப்பீல் ஜெயிக்கும் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். அனுப்பலாமா? அதற்குள் திருப்பி அனுப்பிவிடுவார்களா?
— ஒரு வாசகர், பாபநாசம்

பதில்: பிரமுகரின் கடிதத்தை மறந்துவிடுங்கள், முதலில் நாட்களை எண்ணுங்கள். பிரிட்டனுக்குள் இருப்பவர், மறுப்பு அறிவிப்பு அனுப்பப்பட்ட நாளிலிருந்து 14 நாட்களுக்குள் முதல் நிலைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய வேண்டும். கடிதம் வந்தே ஆறு நாட்கள் ஆனதால், உங்கள் மைத்துனருக்கு எட்டு நாட்களுக்கு மேல் மீதமில்லை. உரிய காலத்தில் தாக்கல் செய்த மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்வரை அவரைப் பொதுவாக நாடு கடத்த இயலாது. ஆனால் கோரிக்கை 'வெளிப்படையாகவே ஆதாரமற்றது' என்று பிரிட்டன் உள்துறை சான்றளித்திருந்தால் இந்த மேல்முறையீட்டு உரிமையே கிடையாது; அரசின் முடிவு சட்டப்படி எடுக்கப்பட்டதா என்று நீதிமன்றம் பார்க்கும் நீதிமுறை மறு ஆய்வு கோரி வேறு வழியில்தான் செல்ல வேண்டியிருக்கும். ஆகவே மறுப்புக் கடிதத்தை முழுமையாக, கடைசிப் பக்கம்வரை, படிக்கச் சொல்லுங்கள். தஞ்ச மேல்முறையீட்டுக்கு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அரசுச் செலவில் சட்ட உதவி பெற வாய்ப்புண்டு. வருமானத்தையும் வழக்கின் வலுவையும் பார்த்து வழங்குவார்கள்.

இனி, வழக்கின் உள்ளடக்கம். முதல் நிலைத் தீர்ப்பாயத்தில் நீதிபதி உங்கள் மைத்துனரை நேரில் விசாரித்து, புதிய சான்றுகளையும் பெற்றுக்கொண்டு, அவர் சொல்வது நம்பத்தக்கதா என்று தாமே முடிவு செய்வார். அதற்கு மேலே செல்லச் செல்ல வாய்க்கால் குறுகிவிடும். மேல் தீர்ப்பாயம் சட்டப் பிழை உண்டா என்று மட்டுமே பார்க்கும். அங்கே செல்லவும் தனி அனுமதி வேண்டும். அப்பீல் நீதிமன்றத்தில் அனுமதி கிடைப்பது இன்னும் கடினம். தலைமடையில் அடைபட்ட தண்ணீரைக் கடைமடையில் நின்று தேட முடியாது என்பது நம் பக்கத்து உழவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உங்கள் மைத்துனரின் தலைமடை இந்த முதல் நிலைத் தீர்ப்பாய விசாரணைதான்.

மாசிக்கும் சித்திரைக்கும் உள்ள முரண் எப்படி வந்தது என்பதை அவர் விளக்கியே ஆக வேண்டும். நம் மக்களில் பலர் தேதியை நாட்காட்டியால் நினைவு வைப்பதில்லை. சிவராத்திரிக்கு முன், அறுவடை முடிந்த பின் என்றுதான் வைத்திருப்பார்கள், அதை மொழிபெயர்ப்பாளர் ஓர் ஆங்கில மாதமாக மாற்றும்போதே பாதி முரண்கள் பிறந்துவிடுகின்றன. தமிழ்நாட்டு மொழிபெயர்ப்பாளரும் ஈழத்துப் பேச்சும் சேரும் இடத்தில் வேறொரு சிக்கலும் உண்டு: 'ஆமிக்காரரோடு கதைத்தேன்' என்றால் பேசினேன் என்பதே பொருள், 'அவை வந்தவை' என்றால் அவர்கள் வந்தார்கள் என்பதே பொருள். இது தெரியாதவர் பெயர்த்தால் சாட்சியமே திசைமாறும். எனவே அதிகாரிகள் நடத்திய இரு விசாரணைகளின் எழுத்துப் பதிவையும், இருந்தால் ஒலிப்பதிவையும் பெற்று, தமிழ் தெரிந்த ஒருவரைக் கொண்டு வரிக்கு வரி ஒப்பிட வேண்டும். முரணை மறைக்க மூன்றாவது தேதி ஒன்றைக் கண்டுபிடிப்பதைப் போன்ற தற்கொலை முயற்சி வேறில்லை.

தழும்புகளைப் பற்றி ஒரு தீர்ப்பை அவருடைய வழக்கறிஞரிடம் அவசியம் நினைவூட்டுங்கள். இலங்கைத் தமிழர் ஒருவரின் தீக்காயத் தழும்புகள், அவரே வேறொருவரைக் கொண்டு போட்டுக்கொண்டவையாக இருக்கலாம் என்று கருதி அவருடைய கோரிக்கை மறுக்கப்பட்டது. 2019 மார்ச்சில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் அம்மறுப்பை ஏற்க மறுத்து, அப்படித் தாமாகக் காயம் ஏற்படுத்திக்கொள்வது மிக அரிதாகவே இருக்கும் என்பதைச் சுட்டிக்காட்டி, வழக்கை மீண்டும் விசாரிக்க அனுப்பியது. சித்திரவதைக் காயங்களை ஆய்ந்து பழகிய மருத்துவரின் அறிக்கை, சித்திரவதையை ஆவணப்படுத்துவதற்கான ஐ.நா. வழிகாட்டியான இஸ்தான்புல் நெறிமுறையின்படி, தழும்பு எந்த அளவுக்கு அவர் கூற்றோடு பொருந்துகிறது என்று படிப்படியாகச் சொல்ல வேண்டும். 'தழும்பு உள்ளது' என்ற ஒற்றை வரிச் சான்றிதழால் பயனில்லை.

தமிழர் என்பதால் மட்டும் இன்று அங்கே பாதுகாப்பு கிடைப்பதில்லை. இலங்கை வழக்குகளுக்கென மேல் தீர்ப்பாயம் 2013, 2021 ஆகிய ஆண்டுகளில் வழங்கிய வழிகாட்டித் தீர்ப்புகள், இலங்கை அரசு யாரைத் தமிழ்ப் பிரிவினைவாதத்தில் குறிப்பிடத்தக்க பங்குடையவராகக் கருதும் என்ற கேள்வியை மையமாக வைத்துள்ளன. தவிர, புதிய சட்டம் நடைமுறைக்கு வந்த 2022 ஜூன் 28-க்குப் பின் கோரியவர் என்பதால், அவருடைய அச்சம் உண்மையானது என்பதை 'பெரும்பாலும் அப்படியே' என்ற அளவுக்கு மெய்ப்பிக்க வேண்டும். திரும்பினால் துன்புறுத்தப்படும் நியாயமான வாய்ப்பு உண்டா என்ற பழைய, தாழ்ந்த அளவுகோல் அதற்குப் பிறகே வரும்.

நீங்கள் இங்கிருந்து செய்யக்கூடியது: உங்கள் மாமியார் தாம் கண்டதை மட்டும், கேள்விப்பட்டதைக் கேள்விப்பட்டதாகவே சொல்லி, எழுதித் தரட்டும். முகாம் பதிவு, பழைய மருத்துவச் சீட்டு, கிராம சேவகர் தந்த சான்று ஆகியவற்றை மூலத்தோடும் ஆங்கில மொழிபெயர்ப்போடும் அனுப்புங்கள். அவரை அறியாத பிரமுகரின் கடிதம் பொய்யென்று தெரிந்தால், உண்மையான தாளும் அதனோடு சேர்ந்து மதிப்பிழக்கும்.

கேள்வி: திருப்பி அனுப்பப்பட்ட பிறகு மேல்முறையீட்டில் வென்றவர்கள் உண்டா?
— ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: உண்டு. பிரிட்டனில் கோரிக்கை மறுக்கப்பட்ட தமிழர் ஐவர் 1988 பிப்ரவரியில் இலங்கைக்கு அனுப்பப்பட்டனர். அங்கிருந்தபடியே நடத்திய மேல்முறையீட்டில் 1989-இல் வென்று, அதே ஆண்டில் பிரிட்டனுக்குத் திரும்பினர். எனினும் அவர்களை அனுப்பியது மனித உரிமை மீறல் என்ற வாதத்தை ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1991-இல் ஏற்கவில்லை. இந்த முன்னுதாரணத்தை நம்பி யாரும் தடையாணை கோராமல் இருந்துவிடக் கூடாது.

கேள்வி: இந்தியாவில் இருக்கும் இலங்கைத் தமிழருக்கு வெளியேற்ற உத்தரவு வந்தால் எந்தத் தீர்ப்பாயத்துக்குப் போவது?
— ஒரு வாசகர், திருவாரூர்

பதில்: அப்படியொரு தீர்ப்பாயம் இங்கே இல்லை. 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கெனத் தனிச் சட்டமும் இல்லை. அரசமைப்பின் 226-ஆவது பிரிவின்கீழ் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு தாக்கல் செய்வதே வழி. இன்றைய வங்கதேசப் பகுதியிலிருந்து வந்து அருணாசலப் பிரதேசத்தில் குடியேறிய சக்மா மக்கள் வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம், உயிர் வாழும் உரிமை குடிமக்கள் அல்லாதோர்க்கும் உண்டு என்றது. ஆனால் மியான்மரிலிருந்து வந்த ரோஹிங்கியா மக்கள் வழக்கில் 2021 ஏப்ரல் 8 அன்று, நாடு கடத்தப்படாதிருக்கும் உரிமை குடிமக்களுக்குரிய வசிப்பு உரிமையோடு பிணைந்தது என்று அதே நீதிமன்றம் கூறிவிட்டது. இரண்டாவதைப் படிக்காமல் முதலாவதை மட்டும் காட்டி வாதிடுபவரிடம் வழக்கை ஒப்படைக்காதீர்கள்.

2015 ஜனவரி 9 வரை இங்கு அடைக்கலம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்கு, கடவுச்சீட்டோ விசாவோ இல்லாமைக்கான தண்டனையிலிருந்து 2025 செப்டம்பரில் மத்திய அரசு விலக்கு அளித்தது. அது குடியுரிமை அன்று. பதிவுச் சான்றைப் பத்திரமாக வைத்துக்கொள்ள அது போதுமான காரணம்.

மனு எங்கே என்பதில் நம் வட்டாரத்தார் அடிக்கடி தவறுகிறார்கள். தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டை மாவட்டங்கள் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை எல்லைக்குள் வருகின்றன. திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களுக்குச் சென்னைதான். வெளியேற்றம் நெருங்கியிருக்கும்போது மதுரைக்கு ஒருமுறை வீணாகப் போய்வருவது இரண்டு நாளைத் தின்றுவிடும்.