அமொக்சிசிலின் குடித்தும் பிள்ளையின் காதுவலி விடவில்லை, என்ன செய்வது?

ஹட்டன் பக்கத் தோட்டத்தில் இருக்கும் ஒரு தாயின் கேள்வி இது: டிஸ்பென்சரியில் கொடுத்த அமொக்சிசிலின் என்ற அன்டிபயோட்டிக் பாணியை மூன்று நாள் குடித்தும் மகனுக்குக் காய்ச்சலும் காதுவலியும் குறையவில்லை, போத்தல் முடியும்வரை பார்க்கலாமா?

வேண்டாம். 48 முதல் 72 மணித்தியாலத்தில் குறையாவிட்டால் மறுபடி காட்டுங்கள். போத்தலையும் கையோடு கொண்டுபோங்கள். நன்றாகக் குலுக்காமல் ஊற்றினால் மருந்து அடியிலேயே தங்கிவிடும், அளவும் பிழைத்திருக்கலாம்.

அதெல்லாம் சரி என்றால், கிருமிதான் காரணமாக இருக்கும். சில கிருமிகள் பீட்டா-லாக்டமேஸ் என்ற நொதியைச் சுரந்து அமொக்சிசிலினை உடைத்துப் போடும். அதனால் டாக்டர் காதுக்குள் பார்த்துவிட்டு, பெரும்பாலும் கிளாவுலானிக் அமிலம் சேர்ந்த அமொக்சிசிலினுக்கு மாற்றுவார். அந்த அமிலம் நொதியை முடக்கிவிடும். வயிறு கொஞ்சம் இளகலாம். அதுவும் கேட்காவிட்டால் செஃப்ட்ரையாக்சோன் ஊசி. அமொக்சிசிலினும் பென்சிலின் வகைதான், அதனால் பென்சிலின் ஒவ்வாமை இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

காதுக்குப் பின்னால் சிவந்து வீங்கி, மடல் முன்னே தள்ளினால் அன்றைக்கே டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். அம்மாயி சொன்னாலும் எண்ணெய் காய்ச்சி ஊற்றாதீர்கள், செவிப்பறை ஓட்டையாகியிருக்கலாம்.

அப்புறம், வலி போன பிறகும் சில கிழமைகள் காது மந்தமாகக் கேட்கும். அது உள்ளே தேங்கிய நீர். அதற்கு இன்னொரு அன்டிபயோட்டிக் தேவையில்லை. மூன்று மாதம் தாண்டியும் அப்படியே இருந்தால் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டுங்கள்.