வட சென்னை மொட்டை மாடியில் கொத்தமல்லி வருமா? ஒரேயடியாக விளைந்துவிட்டால் என்ன செய்யலாம்?

கடலோரத்தில் கொத்தமல்லி வராது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள், நன்றாகவே வரும். ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் அது கருகுவதற்குப் பெரும்பாலும் காரணம் தண்ணீர்தான். நீங்களும் போர் தண்ணீர்தான் ஊற்றுகிறீர்கள் என்று நினைக்கிறேன். தொட்டி விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்து, இலை நுனி காய்ந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். மெட்ரோ தண்ணீரோ பிடித்து வைத்த மழைநீரோ ஊற்றுங்கள். அரிசி, காய்கறி அலசிய தண்ணீரும் ஆகும், ஆனால் உப்புப் போட்டு அலசியது ஆகாது. ஆர்ஓ மெஷின் வெளியே தள்ளும் தண்ணீரைச் செடிக்கு ஊற்றச் சொல்கிறார்கள். வடிகட்டிய உப்பெல்லாம் அதில்தானே இருக்கிறது? தென்னை நார்க் கட்டியிலும் உப்பு உண்டு, ஊறவைத்து இரண்டு மூன்று முறை அலசிப் பிழிந்த பிறகே மண்ணில் கலக்க வேண்டும்.

அடைமழை ஓய்ந்ததிலிருந்து மாசி வரைதான் இங்கே சரியான பருவம். சித்திரையில் விதைத்தால் நாலு இலை விட்டதும் பூத்தண்டு கிளம்பிவிடும். உரம் போட்டு அதை நிறுத்த முடியாது, வெயில் செய்கிற வேலை அது.

மளிகைக் கடைத் தனியா பழையதாக இருந்தால் முளைக்காது, விதைக்கடையில் வாங்குங்கள். ஒரு தனியாவுக்குள் இரண்டு விதை. துணியில் பரப்பி, சப்பாத்திக் கட்டையால் இரண்டாகப் பிளக்கும் அளவுக்கு மட்டும் அழுத்துங்கள், நொறுங்கினால் வீண். எட்டு மணி நேரம் ஊறவைத்து வடித்து, இரண்டு சதுர அடித் தட்டுக்கு இரண்டு தேக்கரண்டி என்ற கணக்கில் அரை அங்குல ஆழத்தில் வரிசையாகத் தூவுங்கள். மண் அரையடி ஆழமாவது இருக்கட்டும், அடியில் ஓட்டை கட்டாயம். முளைக்க ஏழு முதல் பன்னிரண்டு நாள் ஆகும், அதற்குள் கிளறிப் பார்க்காதீர்கள். முளைத்த குருத்து அடித்தண்டு அழுகிச் சாய்ந்தால் தண்ணீர் அதிகம் என்று அர்த்தம்.

வாடகைக்கு இருப்பவர்களுக்கு மொட்டை மாடியையே பூட்டி வைக்கும் வீட்டுக்காரர்களை என்ன சொல்வது? துணி காயப்போடக்கூடச் சாவி கேட்டு நிற்க வேண்டியிருக்கிறது. ஜன்னல் கம்பியில் தட்டைக் கட்டுங்கள், நாலு மணி நேர வெயில் விழுந்தால் போதும்.

நாற்பது நாளில் மொத்தத் தட்டும் ஒன்றாகத் தயாராகும். பூக்கட்டும் என்று விட்டால் இலை நூலாக மெலிந்து மணம் மாறிவிடும், அதனால் மொத்தமாக அறுத்துத் தொக்கு கிளறிவிடுங்கள். கால் கிலோ இலையை, இளந்தண்டோடு, மூன்று தண்ணீரில் அலச வேண்டும். லாரிப் புழுதி அவ்வளவு படியும். துணியில் பரப்பி ஈரம் போக உலர்த்துங்கள், தொக்கு பூசணம் பிடிப்பது இந்த ஈரத்தால்தான். 100 மில்லி நல்லெண்ணெயில் கொஞ்சம் எடுத்து, பத்துக் காய்ந்த மிளகாய், சின்ன எலுமிச்சை அளவு புளி, பெருங்காயம் மூன்றையும் வறுத்து, அதே சட்டியில் இலையைச் சுருள வதக்கி, ஆறியதும் உப்புச் சேர்த்துத் தண்ணீர் விடாமல் அரையுங்கள். மீதி எண்ணெயில் கடுகு தாளித்து, விழுதைச் சிறு தீயில் எண்ணெய் பிரியும் வரை கிளறி, அரைத் தேக்கரண்டி வறுத்த வெந்தயப் பொடி தூவி இறக்குங்கள். பச்சை நிறம் மங்கும், புளியும் சூடும் சேர்ந்தால் அப்படித்தான், கெட்டுப்போனதாக நினைக்க வேண்டாம். எண்ணெய் அதிகம் என்பவர்கள் குறைத்துக்கொள்ளலாம், ஆனால் ஒரு வாரத்துக்குள் தீர்க்க வேண்டும்.

மீதி இலையைப் பச்சை மிளகாய், இஞ்சி, பூண்டோடு அரைத்து ஐஸ் தட்டில் உறையவையுங்கள். காசிமேட்டில் வஞ்சிரம் வாங்கிய அன்று இரண்டு கட்டியைக் கரைத்து, எலுமிச்சைச் சாறும் உப்பும் சேர்த்துத் தடவி, இருபது நிமிடம் ஊறவைத்துத் தோசைக்கல்லில் வறுக்கலாம். இதில் தேங்காய் மட்டும் சேர்த்து வைக்காதீர்கள், வேண்டுமானால் அன்றன்றைக்குத் துருவிப் போட்டுக்கொள்ளுங்கள்.