எந்த காலேஜ்?

வணக்கம்.

டல்லாஸில் மகன் வீட்டில் சில மாதங்கள் இருந்துவிட்டு இப்போதுதான் ஊர் திரும்பினேன். பேரன் அமெரிக்கன் ஃபுட்பால் பைத்தியம். வீரர்களின் படம் போட்ட கார்டுகளை ஷூ டப்பா நிறைய சேர்த்து வைத்திருக்கிறான். பின்பக்கம் திருப்பினால் உயரம், எடை, அப்புறம் எந்த காலேஜ், டிராஃப்டில் எத்தனாவது ஆள். டிவியிலும் ஆட்டக்காரர்கள் பெயரைச் சொன்ன கையோடு காலேஜ் பெயரைச் சொல்கிறார்கள். தோனி எந்த காலேஜ் என்று நம் ஊரில் யாராவது கேட்டிருக்கிறார்களா? வீரர்களைப் பற்றிய கட்டுரைகளையும் பேரன் படித்துக் காட்டினான். எல்லாம் ஒரே கதை: முதலில் யாரும் சீந்தவில்லை, பிறகு ஜெயித்தான். இந்த காலேஜ் புராணத்தில் அப்படி என்ன இருக்கிறது? விளையாட்டு பற்றி அடிக்கடி எழுதுகிறீர்கள், சொல்லுங்கள்.

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

தோனி கேள்வியிலிருந்தே தொடங்கலாம். சச்சின் 16 வயதில் டெஸ்ட் ஆடிவிட்டார். அமெரிக்கன் ஃபுட்பாலில் அதற்கு வழியே இல்லை. பள்ளி முடித்து மூன்று வருடம் ஆகாத பையனை என்.எஃப்.எல்., அதாவது அங்கத்திய தொழில்முறை லீக், எடுத்துக்கொள்ளாது. அந்த மூன்று வருடம் அவன் எங்கே ஆடுவான்? ரஞ்சி மாதிரி ஒரு கீழ்த்தட்டு அங்கே கிடையாது. காலேஜ்தான் ரஞ்சி, காலேஜ்தான் அண்டர் 19, எல்லாமே. மிஷிகன் பல்கலைக்கழக மைதானத்தில் ஒரு லட்சத்து ஏழாயிரம் பேருக்கு மேல் உட்காரலாம். அவ்வளவு பெரிய மைதானம் எந்த என்.எஃப்.எல். அணிக்கும் இல்லை. இத்தனை கூட்டத்துக்கு முன்னால் ஆடிய பையன்கள், 2021 வரை தங்கள் பெயரை விளம்பரத்துக்குக் கொடுத்துக்கூட சம்பாதிக்கக் கூடாது என்று விதி. ஸ்காலர்ஷிப் உண்டு, அவ்வளவுதான். பயிற்சியாளருக்கு மட்டும் மில்லியன் கணக்கில் சம்பளம். எனக்கு இதில் கோபம் உண்டு, ஆனால் நீங்கள் கேட்டது அதை அல்ல.

என்.எஃப்.எல். அணிகள் காலேஜ் பையன்களை எடுத்துக்கொள்ளும் முறைதான் டிராஃப்ட். நம் ஐ.பி.எல். ஏலம் மாதிரி இல்லை. விலை கேட்பது கிடையாது. போன வருடம் மோசமாக ஆடிய அணி முதலில் எடுக்கும், அப்படியே வரிசையாக, சுற்றுச் சுற்றாக. யார் எடுத்தார்களோ அங்கே போக வேண்டியதுதான். அதனால் அந்த நம்பர், 21, 22 வயதில் ஒருவனைப் பற்றி ஊர் என்ன நினைத்தது என்பதற்கான பதிவு. ஆயுசுக்கும் ஒட்டிக்கொள்ளும்.

'ஒரே கதை' என்கிறீர்கள். பாதி ஒத்துக்கொள்கிறேன். எழுதுகிறவர்கள் காலேஜ் வருடங்களை இரண்டு வரியில் தாண்டிவிட்டு வெற்றிக்கு ஓடிவிடுகிறார்கள், அதனால்தான் எல்லாம் ஒன்றுபோலத் தெரிகிறது. நடந்ததை நின்று பார்த்தால் அப்படி இருக்காது.

டாம் பிராடியையே எடுத்துக்கொள்ளுங்கள். என்.எஃப்.எல். இறுதி ஆட்டமான சூப்பர் பவுலை ஏழு முறை ஜெயித்தவர், டிராஃப்டில் 199-ஆவது ஆள். எல்லாக் கட்டுரையும் இந்த நம்பரைச் சொல்லும். மிஷிகனில் அவருக்கு என்ன நடந்தது என்பதுதான் எனக்குச் சுவாரசியம். 1995-இல் சேர்ந்தபோது வரிசையில் ஏழாவது குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவர்). 1997-இல் அணி ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை, ஆனால் பந்து பிரையன் கிரீசியின் கையில், பிராடி பெஞ்சில். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கே மாறிவிடலாமா என்றுகூட ஒரு கட்டத்தில் யோசித்தார். 1998-இல் இடம் கிடைத்தது. சரி, இனி நம் காலம் என்று நினைத்திருப்பார். கடைசி வருடமான 1999-இல், உள்ளூர்ச் செல்லப்பிள்ளையான ட்ரூ ஹென்சனுக்காகப் பயிற்சியாளர் லாயிட் கார் ஒரு விநோத ஏற்பாடு செய்தார். முதல் கால்பகுதி பிராடி, இரண்டாவது ஹென்சன், இடைவேளையில் யார் தேவலையோ அவருக்கு மீதி ஆட்டம். சீனியர் ஒருவர் வாராவாரம் புதிதாகப் பரீட்சை எழுதினார். மிஷிகன் ஸ்டேட் என்ற இன்னொரு பல்கலைக்கழகத்துக்கு எதிராக அணி 17 புள்ளி பின்தங்கியபோது பிராடியை இறக்கினார்கள். துரத்தித் துரத்தி 34-31 வரை வந்து தோற்றார்கள். அதற்கு அடுத்த வார ஆட்டத்தோடு அந்தப் பங்கு பிரிப்பு முடிந்தது. 2000 ஜனவரி முதல் தேதி, ஆரஞ்ச் பவுல் என்ற பெரிய காலேஜ் ஆட்டத்தில், அலபாமாவிடம் இரண்டு முறை 14 புள்ளி பின்தங்கி, கூடுதல் நேரத்தில் 35-34 என்று ஜெயித்தார். அன்று அவர் எறிந்தது 369 கெஜம், அதில் நான்கு டச்டவுன் (எதிரணி எல்லைக்குள் பந்தைச் சேர்ப்பது).

இவ்வளவையும் பார்த்த பிறகும் அணிகள் ஏன் தள்ளிப்போட்டன? ஆளைப் பார்த்தால் ஒல்லி, 40 கெஜம் ஓட 5.28 விநாடி, அதுவும் சொந்த காலேஜே பாதி ஆட்டத்துக்குத்தானே நம்பியது. பிந்தையதுதான் அதிகம் கெடுத்தது என்பது என் எண்ணம். பிராடி பிறந்து வளர்ந்தது சான் ஃபிரான்சிஸ்கோ பக்கம், அந்த ஊர் என்.எஃப்.எல். அணியான 49-எர்ஸின் ரசிகர். அவர்கள் மூன்றாவது சுற்றில் ஜொவான்னி கார்மாட்சி என்ற வேறொரு குவார்ட்டர்பேக்கை எடுத்தார்கள். அவர் ஒரு லீக் ஆட்டத்தில்கூட இறங்கவில்லை.

கர்ட் வார்னர் என்ற இன்னொரு குவார்ட்டர்பேக்கின் கார்டில் டிராஃப்ட் நம்பரே இருக்காது. நார்தர்ன் அயோவா பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம் வரை பெஞ்ச். 1994-இல் யாரும் எடுக்கவில்லை. கிரீன் பே என்ற என்.எஃப்.எல். அணியின் பயிற்சி முகாம் வரை போனார், வெளியே அனுப்பினார்கள். அப்புறம் சீடர் ஃபால்ஸில் ஹைவீ சூப்பர் மார்க்கெட்டில் ராத்திரி ஷிஃப்ட், அலமாரியில் சாமான் அடுக்கும் வேலை, மணிக்கு ஐந்தரை டாலர். உள்ளரங்க லீக், ஆம்ஸ்டர்டாமில் ஒரு சீசன் என்று சுற்றி செயின்ட் லூயிஸ் என்.எஃப்.எல். அணிக்கு வந்து சேர்ந்தார். 1999-இல் முதல் குவார்ட்டர்பேக்குக்கு முழங்கால் போக, இவர் இறங்கி அந்த சீசனிலேயே சூப்பர் பவுல் வாங்கிக் கொடுத்தார். 2002 பிப்ரவரியில், அதே மேடையில் வார்னரின் அணியும் பிராடியின் அணியும் மோதின. பிராடி அணி 20-17. காலேஜ் பெஞ்சைத் தேய்த்த இரண்டு பேர் எதிரெதிரே ஆடிய இறுதி ஆட்டம் அது.

இதை வைத்துக்கொண்டு காலேஜ் கணக்கெல்லாம் பொய் என்று பேரன் முடிவுகட்டினால் விடாதீர்கள். 1998 டிராஃப்டின் முதல் ஆள் குவார்ட்டர்பேக் பேட்டன் மானிங். டென்னஸி பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் கொடிகட்டிப் பறந்தவர், என்.எஃப்.எல்.லிலும் அப்படியே. ஆனால் பாருங்கள், அந்த நான்கு வருடத்தில் டென்னஸி தேசியப் பட்டம் வாங்கவில்லை. அவர் போன மறு சீசனே அவர் இடத்துக்கு டீ மார்ட்டின் வந்து வாங்கினார். பட்டத்தை மட்டும் பார்த்தால் மார்ட்டின்தான் பெரிய ஆள். டிராஃப்டில் அவர் ஐந்தாவது சுற்று, என்.எஃப்.எல்.லில் ஆடியது சொற்பம். பட்டம் அணிக்கு வருவது, ஆளுக்கு அல்ல என்று தேர்வாளர்கள் சரியாகவே கணித்திருக்கிறார்கள். அதே 1998-இல் மானிங்குக்கு அடுத்து எடுக்கப்பட்ட ரயன் லீஃப் மூன்றே சீசன் சான் டியேகோ அணியில் தாக்குப்பிடித்தார். அதை அவர்கள் கணிக்கவில்லை.

இன்னொன்று. காலேஜ் மாறினால் ஒரு வருடம் உட்கார வேண்டும் என்ற பழைய விதி 2021-இல் தளர்ந்துவிட்டது. பிடிக்கவில்லையா, மூட்டையைக் கட்டலாம். 2025 டிராஃப்டின் முதல் ஆள் கேம் வார்டு மூன்று காலேஜில் ஆடியவர்: இன்கார்னேட் வேர்டு, வாஷிங்டன் ஸ்டேட், மயாமி. இன்றைய பிராடி மிஷிகனில் காத்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த முறை டல்லாஸ் போவதாக இருந்தால் அக்டோபரில் போங்கள். காட்டன் பவுல் மைதானத்தில் டெக்சாஸ், ஓக்லஹோமா பல்கலைக்கழக அணிகள் மோதும், வெளியே மாநிலப் பொருட்காட்சி. மைதானத்தின் நடுக்கோட்டுக்கு ஒரு பக்கம் முழுக்க ஆரஞ்சு, மறு பக்கம் முழுக்க சிவப்பு. டிக்கெட் விலை கொஞ்சம் கனம்தான், மகனிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.