எட்டுப் படங்களையும் பார்த்தாக வேண்டுமா?

கேள்வி: ‘கேப்டன் அமெரிக்கா: தி விண்டர் சோல்ஜர்’ படத்தை மகனோடு பார்த்தேன். நான் பார்த்த முதல் சூப்பர் ஹீரோ படம் இது. மிகவும் பிடித்திருந்தது. மகனோ, “மார்வெல் வரிசையில் இது ஒன்பதாவது படம். முந்தைய எட்டையும் பார்க்காத உங்களுக்கு என்ன புரிந்திருக்கும்?” என்கிறான். அவன் சொல்வது சரியா?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: எட்டும் தேவையில்லை, சகோதரி. 2011இல் வந்த முதல் ‘கேப்டன் அமெரிக்கா’வை மட்டும் பாருங்கள். நேரம் கிடைத்தால் 2012இன் ‘தி அவெஞ்சர்ஸ்’.

முதல் படத்தை ஏன் வற்புறுத்துகிறேன் என்றால், இதன் உயிர் அங்கேதான் இருக்கிறது. படுக்கையில் இருக்கும் முதிய பெக்கி கார்ட்டரை ஸ்டீவ், அதாவது கேப்டன் அமெரிக்கா, பார்க்கப் போவான் அல்லவா? தெளிவாகப் பேசிக்கொண்டிருப்பவருக்கு இருமல் வருகிறது. ஸ்டீவ் தண்ணீர் எடுத்துக்கொண்டு திரும்புவதற்குள் எல்லாம் மறந்துபோய், இத்தனை காலம் கழித்து அவன் இப்போதுதான் வந்து நிற்பதாக நினைத்து அழுவார். என் பாட்டியும் கடைசி ஆறு மாதங்கள் இப்படித்தான் இருந்தார். அடுக்களைக்குப் போய்விட்டு வந்தால், “ஊரிலிருந்து எப்போது வந்தாய்?” என்று கையைப் பிடித்துக்கொள்வார். இன்றைக்கும் அந்தக் காட்சியில் எனக்குத் தொண்டை அடைத்துவிடும். 1945இல் இந்த இருவரும் நடனமாட நாள் குறித்தவர்கள். ஸ்டீவ் விமானத்தோடு பனிக்குள் போய்ப் பல பத்தாண்டுகள் உறைந்துகிடந்ததால் அந்த நாள் வரவே இல்லை. இது தெரிந்து பார்த்தால் காட்சி இன்னும் கனக்கும். ரயிலிலிருந்து விழுந்து இறந்துபோனதாக எல்லோரும் நம்பிய, ஸ்டீவின் நண்பன் பக்கியின் முகமூடி நடுத்தெருவில் கழன்று விழும் கணமும் அப்படியே.

இனி உங்கள் மகனுக்காக. 2008இல் ‘அயர்ன் மேன்’ வந்ததிலிருந்து இந்தப் படங்களை ஒன்றாகக் கட்டிவைத்திருந்தது ஷீல்டு என்ற உளவு அமைப்புதான். இந்தப் படத்தை இயக்கிய ரூஸோ சகோதரர்கள், ஹைட்ரா என்ற எதிரி அமைப்பு அதற்குள்ளேயே ஒளிந்து வளர்ந்திருந்ததாகக் காட்டி, அந்தப் பொதுத் தூணையே இடித்துவிட்டார்கள். பல படங்களுக்குப் பொதுவான உலகத்தில் ஒரு தொடர்ச்சிப் படம் செய்யக்கூடிய மிகத் துணிச்சலான காரியம் இது என்பேன். அமெரிக்காவில் படம் வெளியானது 2014 ஏப்ரல் 4. நான்கே நாளில், தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டிருந்த ‘ஏஜென்ட்ஸ் ஆஃப் ஷீல்டு’ தொடரிலும் அந்த அமைப்பு சிதறியது. நாயகர்களில் ஒருவனாகப் பழகியிருந்த கிராண்ட் வார்டு ஹைட்ராவின் ஆள் என்பது வெளிப்பட்டது.

அந்த இடிப்புக்குச் சொல்லப்படும் காரணமும் வலுவானது. போருக்குப் பிறகு ஜெர்மன் விஞ்ஞானிகளை அமெரிக்கா தன் நாட்டுக்கு அழைத்து வேலை கொடுத்தது வரலாறு. ‘ஆபரேஷன் பேப்பர்கிளிப்’ என்று அதற்குப் பெயர். படத்தில் அந்த வழியாகத்தான் ஹைட்ராவின் விஞ்ஞானி அர்னிம் ஜோலா ஷீல்டுக்குள் நுழைகிறான். வில்லன் வானத்திலிருந்து குதிக்கவில்லை. அவனுக்குக் கதவைத் திறந்துவிட்டவர்களே ஷீல்டை நடத்தியவர்கள்.

எனக்கு உடன்பாடில்லாத இடம் ஒன்று உண்டு. முடிவுப் பெயர்களுக்கு நடுவே ஹைட்ராவின் ஸ்ட்ரக்கரும் ‘தி அவெஞ்சர்ஸ்’ வில்லன் லோகியின் செங்கோலும் வருவது, அடுத்த ‘அவெஞ்சர்ஸ்’ படத்துக்கான விளம்பரம். இந்தக் கதைக்கு அது ஒட்டவில்லை. கடைசியில் அருங்காட்சியகத்தில் பக்கி தன் படத்தையே பார்த்து நிற்பானே, அது போதும்.

கேள்வி: வாஷிங்டனில் இவ்வளவு நடக்கும்போது அயர்ன் மேன் ஏன் உதவிக்கு வரவில்லை?
- அதே வாசகியின் மகன்

பதில்: நல்ல கேள்வி, தம்பி. பொது உலகக் கதைகள் எல்லாமே இந்த இடத்தில்தான் தடுமாறும். இங்கே, யாரையும் நம்பாதே என்று சொல்லிவிட்டு ஷீல்டின் தலைவர் ஃபியூரி மயங்கிச் சரிகிறார். அதன்பின் கதை சில நாட்களில் முடிந்துவிடுகிறது. தலைமறைவாக ஓடும் ஸ்டீவ் யாருக்கும் சொல்லி அனுப்ப முடியாது. போதாததற்கு, ஷீல்டு கட்டிய பறக்கும் கப்பல்களின் இயந்திரங்களுக்கு யோசனை சொன்னவர்களில் அயர்ன் மேனான டோனி ஸ்டார்க்கும் ஒருவர். ஸ்டார்க்கின் பெற்றோர் இறந்த செய்தி, கணினிக்குள் வாழும் ஜோலாவின் திரையில் ஒரு நொடி வந்து போகும், கவனித்தாயா? 2016இல் வந்த ‘சிவில் வார்’ படத்தில் நண்பர்களை மோதவிடுவது அதுதான்.

அம்மாவோடு முதல் படம் பார்க்கும்போது, பயிற்சி முகாமில் ஒல்லி ஸ்டீவ் கொடிக்கம்பத்தைச் சாய்க்கும் காட்சியைத் தவறவிடாதே. இந்தப் படத்தில் ஸ்டீவும் அவனுடைய சகா நடாஷாவும் ஜோலாவைக் கண்டுபிடிப்பது அதே லீஹை முகாமில்தான்.