நோபுவோ உயெமட்சுவின் இசை எப்படி வளர்ந்தது? எதிலிருந்து கேட்கத் தொடங்கலாம்?

'ஃபைனல் ஃபேன்டசி' என்ற ஜப்பானிய வீடியோ கேம் வரிசைக்கு இசையமைத்த உயெமட்சு முறையாக இசை பயின்றவர் அல்ல, தானே கற்றுக்கொண்டவர். 1987-இல் முதல் பாகம் வந்தபோது ஃபேமிகாம் என்ற நின்டெண்டோ விளையாட்டுக் கருவியில் மெட்டுக்கு மூன்றே குரல்கள்தான். வாத்தியங்களைக் குவித்து மிரட்ட வழியில்லை, மெட்டே ஆளை நிறுத்திக் கேட்க வைக்க வேண்டும். அந்தப் பழக்கம் அவரை விட்டுப் போகவே இல்லை என்பது என் கணிப்பு.

1994-இல் ஆறாம் பாகம். அடுத்த தலைமுறைக் கருவியின் எட்டு ஒலித்தடங்களை வைத்து ஒரு முழு ஆபரா (மேற்கத்திய இசை நாடகம்) காட்சிக்கே இசையமைத்துவிட்டார்! பாடகி கிடையாது. சின்தசைசர் ஒலி ஒன்று குரல்போல முனக, பாடல் வரிகள் திரையில் வரும். இன்று கேட்டால் கொஞ்சம் வேடிக்கைதான், ஆனாலும் உருக்கிவிடும்.

ரசிகர்களின் செல்லம் ஏழாம் பாகத்தின் (1997) 'ஒன் விங்டு ஏஞ்சல்'. சின்னச் சின்ன இசைத் துண்டுகளாக எழுதி, அப்புறம் வரிசைப்படுத்தி ஒட்டியது; கூடவே நிஜக் குரல்களில் லத்தீன் கோரஸ். சரி, அதில் தொடங்காதீர்கள். பத்தாம் பாகத்தின் (2001) 'டு சனார்கண்ட்' கேளுங்கள். வெறும் பியானோ. பிடித்தால் அடுத்தது ஏழாம் பாகத்தின் 'ஏரித்தின் தீம்'.